ஈஸ்ட் லண்டனில் ஈஸ்ட் இல்லை

அன்றைக்கு நான் ஒரு சபதம் எடுத்தேன். அரசாங்கம் பீர்க்கடையைப் பூட்டலாம். இந்தத் தொண்டையைப் பூட்ட எவனாலும் முடியாது!

கொரோனா வந்த புதிது. எங்கள் ஊர் தென்னாப்பிரிக்காவில் இருக்கிற ஈஸ்ட் லண்டன். வீட்டை விட்டு வெளியே வராதே என்றார்கள். சரி. நான் ஓட்டுகிற பள்ளிக்கூட பஸ் ஷெட்டுக்குள் போய் நின்றுவிட்டது. சிகரெட் விற்கக்கூடாது என்றார்கள். அதுவும் சரி, நான் பிடிப்பதில்லை. பீரும் விற்கக்கூடாது என்றார்கள். அங்கேதான் எனக்கு நாட்டுப்பற்று குறைந்தது.

பக்கத்து வீட்டு சொலானி மதிலுக்கு மேலே தலையை நீட்டினான்.

"அண்ணே, அன்னாசி இருக்க பயமேன்? அன்னாசி, சர்க்கரை, ஈஸ்ட். மூணையும் வாளியில போட்டு மூடி, கதகதப்பா வைங்க. சனிக்கிழமை நமக்குக் கொண்டாட்டம்."

"நமக்கா?"

"யோசனை என்னோடது. பாதி எனக்கு."

உள்ளேயிருந்து என் மனைவி நொகுசோலா கூப்பிட்டாள். நொகுசோலா என்றால் அமைதியானவள் என்று அர்த்தம். பேர் வைத்தவர் அவளோடு குடித்தனம் நடத்தியதில்லை.

"லொன்வாபோ அப்பா! ரொட்டிக்கு வரிசை தெருமுனை தாண்டி நிக்குது. நானே வீட்டுல சுட்டுக்கறேன். மாவும் ஈஸ்ட்டும் வாங்கிட்டு வாங்க."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது எனக்கு.

எங்கள் பக்கம் அன்னாசி விளைகிற பூமிதான். ஆனாலும் அன்றைக்குக் கடையில் அத்தனை ஆம்பளைகள் அன்னாசியும் கையுமாக நின்றதை நான் பார்த்ததே இல்லை. எனக்கு முன்னால் நின்றவர், நான் கேட்காமலே, "வைட்டமின்" என்றார். "ஆமாமா, சளிக்கு நல்லது" என்றேன் நான். இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம்.

ஈஸ்ட் அலமாரி துடைத்து வைத்தது போலிருந்தது. ஒரே ஒரு பொட்டலம். அதை நோக்கி என் கையும் போனது, பச்சைத் தொப்பி போட்ட ஒரு பருத்த அம்மாவின் கையும் போனது. நான் லேசாக இருமினேன். அவ்வளவுதான், அந்த வரிசையே காலி! பொட்டலம் என் சட்டைப்பைக்குள்.

வீட்டில் விசாரணை.

"ஈஸ்ட் எங்க?"

"இல்லையாம்."

"ஈஸ்ட் லண்டன்ல ஈஸ்ட் இல்லையா?"

"ஊர் பேர்ல இருக்கு. கடையில இல்ல."

"அன்னாசி மட்டும் ஆறு இருக்கு?"

"உன் உடம்புக்குத்தான் வாங்கினேன்."

"என் உடம்புக்கு என்ன வந்துச்சு?"

"வரக்கூடாதுன்னுதான்!"

என் உடம்பை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். நான் பின்கட்டுச் சாமான் அறையில் வேலையைக் கச்சிதமாக முடித்தேன். ஏப்ரல் பிறந்தாலே எங்கள் ஊரில் குளிர் தலைகாட்டும். ஈஸ்ட்டுக்குக் குளிர் ஆகாது. ஆகவே என் போர்வையை வாளிக்குப் போர்த்தினேன். வாளி சுகமாகத் தூங்கியது. நான் நடுங்கினேன்.

"உங்க போர்வை எங்க?"

"புழுக்கமா இருக்கு, வேண்டாம்."

"பல்லு ஏன் தாளம் போடுது?"

"ஒரு பாட்டு ஞாபகம் வந்துச்சு."

வெள்ளிக்கிழமை வாளி காட்டிக்கொடுத்துவிட்டது. குளுக், குளுக் என்று அது பேசுகிற சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது. நான் ஓடிப் போவதற்குள் அவள் மூடியைத் திறந்து நின்றாள்.

"இது என்ன?"

"கை... கை கழுவுற மருந்து! கடையில எங்கயும் கிடைக்கலயே. நாமளே செஞ்சா என்னன்னு தோணுச்சு."

"அன்னாசியிலயா?"

"நல்லாப் புளிச்சா கிருமி கிட்டயே வராது."

ஒரு நிமிஷம் வாளியைப் பார்த்தாள். பிறகு கையைத் தட்டினாள்.

"ரதேபே! எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு!"

ரதேபே என் குலப்பெயர். எங்களில் ஒருவரைக் குலப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது பெரிய மரியாதை. என் வீட்டில் மட்டும் அது எனக்கு ஊதுகிற சங்கு.

சனிக்கிழமை காலை சாமான் அறைக்குப் போனேன். போர்வை அழகாக மடித்து வைத்திருந்தது. வாளியைக் காணோம்!

வாசலுக்கு ஓடினேன். கேட்டுக்குப் பக்கத்தில் முக்காலி, முக்காலி மேல் என் வாளி, கையில் குவளையோடு நொகுசோலா. கடைக்குப் போகிறவர்கள் ஒருவரையும் விடவில்லை.

"கையை நீட்டுங்க! எங்க வீட்டுக்காரர் தெருவுக்காகவே செஞ்சது!"

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா? நின்றேன். என் பொன்னிற பீர் ஊரார் கையில் விழுந்து மண்ணில் ஓடியது. ஐயோ, அந்த மணம்!

சொலானி வந்தான். சட்டைக்குள் ஏதோ கூஜா துருத்திக்கொண்டிருந்தது.

"நீட்டு கையை."

"இல்ல அண்ணி, சும்மா வந்தேன்..."

"நீ சும்மா வந்தா கிருமி சும்மா விடுமா? ரெண்டு கையும்!"

அவன் என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன். அவள் ஊற்றினாள். அவன் கையை மோந்தான், கண் கலங்கிவிட்டது.

"அண்ணி, இன்னொரு தரம் கழுவிக்கறேன். ரொம்ப அழுக்கு."

சேதி எப்படித்தான் பரவியதோ, கொஞ்ச நேரத்தில் அன்னாசி வாங்க வந்த அத்தனை ஆம்பளைகளும் எங்கள் வாசலில், இடைவெளி விட்டு, பயபக்தியோடு நின்றார்கள். வைட்டமின்காரர் மூன்று முறை வந்தார், மூன்று விதத் தொப்பியில். கை கழுவிய ஒருவனும் கையைத் துணியில் துடைக்கவில்லை.

பொறுக்க முடியாமல் நானும் கையை நீட்டினேன். "எனக்கும் கொஞ்சம் ஊத்து."

"நீங்க எங்க வெளிய போனீங்க? உங்க கை சுத்தம்."

சாயங்காலம் வாளி கவிழ்ந்து கிடந்தது, நானும்தான். அப்போது அடுப்பிலிருந்து ரொட்டி வாசனை. மெத்து மெத்தென்று உப்பிய ரொட்டி. துக்கத்தில் நாலு துண்டு உள்ளே போன பிறகுதான் நாக்குக்கு உறைத்தது. லேசான இனிப்பு, லேசான புளிப்பு. எங்கேயோ கேள்விப்பட்ட ருசி.

"ஈஸ்ட் கிடைச்சுதா?"

"கிடைச்சுது, ரதேபே. வாளியைத் தெருவுக்குத் தூக்குறதுக்கு முன்னாடி அடி மண்டியை வடிச்சு மாவுல பிசைஞ்சுட்டேன்."

ரொட்டி தொண்டையில் நின்றது. "உனக்கு... எப்பத் தெரியும்?"

"நீங்க கடையை விட்டு வர்றதுக்கு முன்னாலயே. பச்சைத் தொப்பி என்னோட ஜெபக்கூட்டத்துத் தோழி. 'கடைசி ஈஸ்ட்டை எடுக்கறப்போ உன் புருஷனுக்கு இருமல், பாவம், நல்லாப் பாத்துக்கோ'ன்னு போன் பண்ணினா."

இன்னொரு துண்டை என் தட்டில் வைத்தாள்.

"அரசாங்கம் குடிக்கத்தானே கூடாதுன்னுது? தின்னுங்க."