ஹாரன் இல்லாத வண்டி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

என் முழங்கால் நீங்கலாக நாங்கள் அனைவரும் நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகம்தானே?

கடலுக்கு அடியில் வண்டி ஓட்டும் பெண் நம் குடும்பத்துக்குச் சரிப்படாது, ஆளில்லாத எந்திரத்தை அனுப்பினால் போதாதா, தொழிலை விட்டால்தான் கல்யாணம் என்று எழுதியிருந்தீர்கள். ஆய்வகத்து நிழலில் வேலை பார்க்கும் உங்கள் மகனுக்குக் கடல் என்றாலே நடுக்கம் என்றும் எழுதியிருந்தீர்கள். நியாயம்தான் என்று, மகளைத் தடுத்தே தீருவதென அவளுடைய கப்பலுக்கே போனேன். அதற்குள் இறங்கிவிட்டாள். முப்பது வருடம் பஸ் ஓட்டியவனாயிற்றே, வண்டியைப் பற்றி விசாரித்தேன்: மூன்று பேர் முழங்கால் இடிக்க உட்காரும் ஓர் உலோக உருண்டை, ஹாரன் இல்லை, கழிப்பறை இல்லை, நாலு கிலோமீட்டர் ஆழம், வெளியே கும்மிருட்டு. பேசுவதற்கு மைக்கைக் கொடுத்தார்கள். "போதும், மேல வா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், "சாப்பிட்டியாம்மா?" என்று வந்துவிட்டது. பதில் இல்லை. மறுபடி கேட்டேன். இல்லை. "சாப்பிட்டியா இல்லியாடி!" என்று நான் அலற, கப்பல் அதிகாரி, "ஐயா, குரல் தண்ணிக்குள்ள போய்த் திரும்பி வரணும், கொஞ்சம் வாய மூடுங்க" என்றார். மூடினேன். ஸ்பீக்கரில் யாரோ தும்முவது கேட்டது. பிறகு வரிசையாக, "சாப்பிட்டேன்ப்பா... சாப்பிட்டேன்ப்பா... ஐயோ, சாப்பிட்டேன்ப்பா... அப்பா, இங்க ஒரு கல்லு நடக்குது!"

அந்த இடத்தை எந்திரக் கேமரா இரண்டு முறை படம் பிடித்து, வெறும் கல் என்று போய்விட்டதாம். இவள் ஜன்னலோரம் கழுத்தைத் திருப்பிப் பார்த்ததில் கல்லுக்குக் கால் இருந்திருக்கிறது. வண்டியை நிறுத்தி, சேறு அடங்கும்வரை காத்திருந்து பார்த்தால், இதுவரை யாரும் கண்டிராத ஜீவன்! ஓரத்தையும் பார்க்கிறவர்தான் டிரைவர். அது என் ரத்தம், சம்பந்தி. கப்பலில் நாங்கள் இருந்த அறையே கைதட்டியது. நான் அழுதேன், கண்ணைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

ஆகையால் அவளைத் தொழிலை விடச் சொல்ல மாட்டேன். சம்பந்தம் நின்றால் வருத்தம்தான், தலைநிமிர்ந்தே வருத்தப்பட்டுக்கொள்கிறேன்.

பெரியவர்களுக்கு என் வணக்கமும் சின்னவர்களுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
டிரைவருக்கு அப்பாவான பழைய டிரைவர்

பின்குறிப்பு: இதைக் கப்பலிலேயே எழுதி உறையை ஒட்டும் நேரத்தில் உருண்டை மேலே வந்தது, மூடியைத் திறந்தார்கள். என் மகளுக்குப் பின்னால் தும்மிக்கொண்டே இறங்கியவர் உங்கள் மகன். நடுக்கம் உண்மைதான், உள்ளே அவ்வளவு குளிராம். அந்த ஜீவனை ஆராயப்போவதே அவர்தானாம். "மாமா, அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, இது எனக்கு ஒன்பதாவது தடவை" என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். ஆகவே தயவுசெய்து இந்தப் பின்குறிப்பைப் படிக்க வேண்டாம்.