மண்டாடியாரின் தோளில் திருக்கை

திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் தன் தோள்நோவை மீன் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே மனிதர் மண்டாடியார்தான். வேறு ஊர்களிலும் அப்படி ஒருவர் இருந்திருக்க மாட்டார். மண்டாடி என்றால் கரைவலைக்காரரின் தலைவர். அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கக் கூச்சம்.

ஆஸ்பத்திரியில் தோளுக்குப் பயிற்சி கொடுக்கும் அறையில் எனக்குப் பக்கத்துக் கதிரை அவருடையது.

"எப்பிடி நோகுது ஐயா? குத்துதோ, எரியுதோ?" என்று பயிற்சி கொடுக்கும் மிஸ் கேட்பா.

"இண்டைக்குத் திருக்கை. முள்ளால குத்திப்போட்டு ஓடியிட்டுது. ராத்திரி முழுக்க நண்டு. பிடிச்ச பிடி விடேல்லை."

கழுத்திலிருந்து விரல்வரை வழுக்கிக்கொண்டு போனால் அது விலாங்கு. மிஸ் முதலில் முறைத்தா. பிறகு வரிசையில் இருந்த எல்லாரும் மீன் சொல்லத் தொடங்கினோம். வாய் திறவாத நானே ஒருநாள், "எனக்கும் நண்டுதான் மிஸ்" என்றேன். சுவரில் மாட்டிய கப்பிக் கயிற்றை இழுக்கும்போது மண்டாடியார் கரைவலைக்காரரின் அம்பாப் பாட்டு எடுப்பார். நோயாளர் நாங்கள் வலை இழுக்கிற ஆட்கள்போல் பின்பாட்டுப் பாடுவோம். பெரிய டொக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இவ்வளவு செய்தும் மண்டாடியாரின் வலது கை தோளுக்கு மேல் ஏறவில்லை.

"மூட்டு இளகியிட்டுது ஐயா. நான் தூக்கினா மேல போகுது, நீங்கள் தூக்கினா நிக்குது. எதுக்குப் பயப்பிடுறியள்?" என்று மிஸ் கேட்டா.

"மேல சுறா நிக்குது பிள்ளை."

அவர் முகத்தைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

பஸ் தரிப்பில் எனக்கு மட்டும் சொன்னார். "நான் கரையில நிண்டு கையை உயர்த்தினாத்தான் தோணி வலையோட போகும், தங்கச்சி. அண்டைக்குக் கடல் சரியில்லை. போகவோ எண்டு தோணியில நிண்ட என்ர தம்பி கேட்டவன். நான் உயர்த்தினனான். தோணி மட்டும்தான் திரும்பி வந்தது."

பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு, "இந்தப் பருவம் தொழில் தொடங்க முன்னம் கை உயராட்டி வேற மண்டாடியைப் பிடிப்பினம்" என்றார்.

வெருகல் பக்கம் போகிற என் பஸ் வந்தது. கை காட்டி மறிக்கவும் எனக்குக் கூச்சம். அது எங்களைக் கடக்கப் பார்த்தது.

மண்டாடியார் தெருவில் இறங்கினார். "டேய், மனுசி நிக்கிறது கண் தெரியேல்லையோ? நிப்பாட்டடா."

பஸ் நிற்கவில்லை. தூசிக்குள் நின்று திட்டிக்கொண்டே இருந்தார். அவருடைய வலது கை தலைக்கு மேலே நிமிர்ந்து நின்றது. அது அவருக்கே தெரியவில்லை.

சொன்னால் கையை இறக்கிவிடுவார். அடுத்த பஸ்ஸும் நிற்காமல் போகட்டும் என்று வெருகல் முருகனை வேண்டிக்கொண்டு, நான் பேசாமல் நின்றேன்.