ஆனாக்காரரும் என் ஓட்டுக் கூரையும்

கொல்லிமலைக்கு ஏறி வந்த மனிதர்களிலேயே, உண்டு, இல்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லத் தெரியாதவர் ஒருவர்தான். அவர் பெயர் அவர் ஆபீசில் எழுதியிருக்கும். மலைமேல் அரியூர் நாடு என்கிற எங்கள் பகுதியில் அவர் ஆனாக்காரர்.

வீட்டுக்கு இன்சூரன்ஸ் போட வந்தவர். கீழே சமவெளிக்காரர். மலைப்பாதையில் தலை சுற்றாமல் இருக்க ஓர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே பஸ்ஸில் வருவார். எங்கள் வாசலில் வந்து நின்ற பிறகும் முகர்ந்துகொண்டே இருப்பார்.

நான் எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். இருந்தாலும் இதுவரை கைநாட்டு வைத்ததில்லை, கையெழுத்துத்தான். புரியாத காகிதத்தில் அதைப் போடுவதுமில்லை. அவர் நீட்டிய காகிதமோ எறும்புப் புற்றைக் கலைத்துவிட்டது மாதிரி இருந்தது. அதனால் வாயால் கேட்டேன்.

“ஊடு தீப்பிடிச்சா உண்டுங்களா?”

“உண்டுங்கம்மா. ஆனா, நீங்களே வெச்சா இல்லீங்க.”

“எம்பட ஊட்டுக்கு நானே எதுக்குங்க தீ வெக்கறேன்?”

“நீங்க வெக்க மாட்டீங்க. ஆனா, அப்படித்தான் எழுதியிருக்குது.”

எங்கள் வீட்டுக்கு மேல்பக்கம் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரம். கீழே சரிவில் பலாமரம்.

“மேல இருக்கற மரம் ஊட்டு மேல உழுந்தா?”

“ஊட்டுக்கு உண்டுங்க. ஆனா, மரத்துக்கு இல்லீங்க.”

“ஊடு சரிஞ்சு கீழ இருக்கற மரத்து மேல உழுந்தா?”

அவர் எலுமிச்சம்பழத்தை எடுத்து முகர்ந்தார்.

“சரி, அத உடுங்க. காட்டெருமை வந்து செவுத்த முட்டினா?”

காகிதத்தை முன்னும் பின்னும் புரட்டினார். “கேட்டுட்டு வாரேனுங்க” என்று போய்விட்டார். மூன்றாம் நாள், அந்த ஒரு பதிலுக்காக மறுபடியும் அத்தனை வளைவும் சுற்றி ஏறி வந்தார்.

“காட்டெருமையைப் பத்தி ஒண்ணும் எழுதலீங்கம்மா. ஆனா, எழுதலைங்கறதுக்காக உண்டுன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாதுங்க.”

எனக்குத் தலை சுற்றியது. அந்த எலுமிச்சம்பழத்தை வாங்கி நானும் ஒரு தடவை முகர்ந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

போன ஆடிக் காற்றில் சில்வர் ஓக் சாய்ந்தது. பாதிக் கூரை போய்விட்டது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம்: கூரை திறந்து கிடக்க, ஒரு வீட்டில் பொழுது இறங்கக் கூடாது. ஊரே திரண்டு வந்தது. மரத்தை அறுத்து ஒதுக்கினார்கள். பக்கத்து வீட்டுப் பாவாயி, தன் சமையல்கட்டுக்கென்று வாங்கி அடுக்கியிருந்த ஓடுகளையெல்லாம் தூக்கிக் கொடுத்தாள். பொழுதோடு கூரை மூடியாயிற்று.

“ஐப்பசி மழைக்கு முன்னால ஓடெல்லாம் திருப்பிக் குடுத்துரு அக்கா. இல்லீன்னா மழை முடியற வரைக்கும் உன்ற ஊட்டுலதான் நான் சோறாக்குவேன். நீயும் அதத்தான் திங்கோணும்” என்றாள். பாவாயியின் கைப்பக்குவம் எனக்குத் தெரியும்; ஒரு வேளைக்கே தாங்காது.

உடனே ஆபீசுக்குப் போன் போட்டேன். மறுநாளே ஆனாக்காரர் வந்து கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“சேதம் எங்கீங்கம்மா?”

“நேத்தே சரி பண்ணிட்டோமுங்க.”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. “மரம் உழுந்ததுக்கு உண்டுங்க. ஆனா, உழுந்தத நான் பாக்கோணுமுங்க.”

“அதுக்காகத் தொறந்து போட்டு நனையச் சொல்றீங்களா?”

“அய்யோ, நனையக் கூடாதுங்க. சேதம் பெருசாகாம பாத்துக்கறது உங்க பொறுப்புன்னு எழுதியிருக்குது. ஆனா, நாங்க பாக்கற வரைக்கும் எதையும் மாத்தவும் கூடாதுங்க.”

பாவாயி இடுப்பில் கையை வைத்தாள். “நனையவும் கூடாது, மூடவும் கூடாது. அப்பக் கொடையப் புடிச்சுக்கிட்டு நிக்கறதுங்களா?”

மனிதர் காகிதத்தை எடுத்துக் குடை இருக்கிறதா என்று தேடினார்.

பிறகு, “ஒடைஞ்ச ஓடாவது இருக்குதுங்களா?” என்றார். அதையெல்லாம் சரிவில் இருக்கிற மற்ற மிளகுக்கொடிகளின் வேரைச் சுற்றி அணையாக அடுக்கிவிட்டிருந்தோம். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு சரிவில் இறங்கிவிட்டார். ஒவ்வொரு துண்டாகப் பொறுக்கி வந்து, ராகி காயப்போடும் களத்தில் பரப்பி, ஓடு ஓடாகப் பொருத்த ஆரம்பித்தார். “இந்த மூலைத் துண்டு யார்கிட்டீங்க இருக்குது?” என்று ஊரையே கேட்டார். அது பாவாயியின் கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தது. உருவி எடுத்துக்கொண்டு வந்தார். பின்னாலேயே கோழிகளும் வந்தன.

பொழுது சாய, களம் முழுக்க என் கூரை தரையில் கிடந்தது. போட்டோ எடுத்தார். வெட்டிய மரத்தையும் எடுத்தார். கூரை போட்டவர்களையெல்லாம் விசாரித்து எழுதிக்கொண்டார்.

“இனி பணம் வந்துருமுங்களா?” என்றேன்.

“எழுதி அனுப்பறேனுங்க. ஆனா—”

“சொல்லிராதீங்க சாமி!” என்றாள் பாவாயி.

வந்துவிட்டது. ஐப்பசிக்கு முன்னால் பாவாயியின் சமையல்கட்டில் ஓடு ஏறியது. என் வயிறு தப்பியது. கொஞ்ச நாளில் ஆனாக்காரரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள்.

இந்த வருஷம் பாலிசியைப் புதுப்பிக்க வேறொருவர் வந்தார். தீயா, காற்றா, காட்டெருமையா, எதைக் கேட்டாலும் சிரித்த முகமாக, “எல்லாத்துக்கும் உண்டும்மா, கையெழுத்துப் போடுங்க” என்கிறார்.

பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு ‘ஆனா’வாவது காதில் விழாமல் கை ஓட மாட்டேன் என்கிறது.