நாக்கும் நாக் அப்பும்

ஒரு அமெரிக்கக்காரியை என் இங்கிலீஷால் அசத்தி அனுப்புவது என்று தீர்மானம் செய்தேன். 1998 ஜூலை. எங்கள் பள்ளிக்கூடத்தைப் பார்க்கத் திண்டுக்கல் வந்த மிஸ் டெப்ராவை எங்கள் வீட்டு மாடியில் தங்க வைத்தார் ஹெட்மாஸ்டர். எங்கள் மகள் ஐரின் ஹாஸ்டலில் இருந்ததால் அந்த அறை காலி. நான் இருபது வருஷ இங்கிலீஷ் வாத்தியார். பழைய வெள்ளைக்காரச் சாமியாரிடம் படித்தவன். எல்லாம் அசல் லண்டன் சரக்கு.

முதல் நாள் மதியம் அவள் பென்சிலால் எதையோ தப்பாக எழுதிவிட்டு விழித்தாள். "ரப்பர் வேண்டுமா? என் பையில் எப்போதும் ஒன்று இருக்கும்" என்று இங்கிலீஷில் கேட்டேன். முகம் சிவந்து வேண்டாம் என்றாள். கூச்ச சுபாவம் போல என்று விட்டுவிட்டேன்.

சாயந்தரம், ஆத்தூர் அணையில் சூரியன் உதிப்பதைப் பார்க்க ஆசை என்றாள். "கவலையே வேண்டாம், காலை அஞ்சரைக்கு ஐ வில் நாக் யூ அப்" என்றேன். கதவைத் தட்டி எழுப்புகிறேன் என்று அர்த்தம். லண்டனில் அப்படித்தான் சொல்வார்கள். டெப்ரா விறுவிறுவென்று மாடியேறினாள். தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கும் சத்தமும் கேட்டது.

சந்தேகம் வந்து, பழைய புத்தகக் கடையில் வாங்கிப் போட்டிருந்த அமெரிக்கக் கொச்சைச்சொல் அகராதியைப் புரட்டினேன். நாக் அப்: கர்ப்பமாக்குதல். ரப்பரையும் பார்த்தேன். அமெரிக்காவில் அது அழிப்பதற்கு இல்லையாம், தடுப்பதற்காம். குடும்பக் கட்டுப்பாட்டுச் சாமான். மதியம் அதை நீட்டிவிட்டு, சாயந்தரம் இதற்கு நேரமும் குறித்துக் கொடுத்திருக்கிறேன்.

ஹெட்மாஸ்டருக்குத் தெரிந்தால் வேலை போகும். என் மனைவி புஷ்பமேரிக்குத் தெரிந்தால் சோறு போகும். அவள் பிரசவ வார்டு நர்ஸ். இந்த விஷயத்தில் அவளுக்கு அகராதி தேவையில்லை. அவளை மாடிப்பக்கம் விடவே கூடாது என்று திட்டம் போட்டேன். போட்டு முடிப்பதற்குள் தட்டும் கையுமாக வந்துவிட்டாள்.

"எங்க போற?"

"அந்தப் பிள்ளைக்கு இட்லி."

"வேணாம். அது இன்னைக்கு விரதம். பேசவும் பேசாது."

"யாருக்கு விரதம்?"

"அந்தோணியாருக்கு நேந்திருக்கு."

"அமெரிக்காவுல இருந்தா?"

"அவருக்கு எல்லா ஊரும் ஒண்ணுதான்."

"செத்த முன்னாடிதானே தண்ணி கேட்டுச்சு."

"அதுக்கப்புறம்தான் ஆரம்பிச்சுச்சு."

"உங்களுக்கு ஏன் இம்புட்டு வேர்க்குது?"

"புழுக்கம்."

"ஃபேன் உங்க தலைக்கு மேலதான் சுத்துது" என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

நான் கீழ்ப்படியில் நின்று அந்தோணியாரிடம் நிஜமாகவே நேர்ந்துகொண்டேன். மேலே நாற்காலி நகர்ந்தது. கதவு திறந்தது. குசுகுசுவென்று பேச்சு. பிறகு இரண்டு பெண்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். அழுதிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

புஷ்பமேரி காலித் தட்டோடு இறங்கினாள்.

"பாவம், பயந்துபோய்க் கெடந்துச்சு. வாயால சொல்ல வெக்கப்பட்டு, உங்க பேரைச் சொல்லி, வயித்தை இம்புட்டுப் பெருசாக் கையால காட்டுச்சு."

"புஷ்பம், அது லண்டன் வழக்கு. எழுப்புறதைத்தான் நான்..."

"தெரியும். உங்களோட இருபது வருசம் குப்பை கொட்டியிருக்கேன்."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல தைரியம் சொன்னேன். 'டோன்ட் ஃபியர், மேடம். ஒன்லி டெல்லிங். நோ டூயிங்.'"