உட்காரும் உரிமை

"கொஞ்சம் கொறச்சுப் போடுங்க பாய்."

கிதிர் முகம்மதுவுக்குத் தன் காது மேலேயே சந்தேகம் வந்தது. 'ஒரே விலை' என்று வாப்பா காலத்தில் பலகை மாட்டிய தென்காசி ஜவுளிக்கடை அவருடையது. குற்றாலத்தில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வருகிறவர்கள்கூட இங்கே சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். "எல்லாம் நம்ம சரக்குக்கு உள்ள மரியாதலே" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

இந்த சீசனில் அந்த மரியாதை மண்ணைக் கவ்வியது.

நாள் முழுக்க நின்றே சேலை காட்டும் பெண்களுக்கு உட்கார இடம் கொடுப்பது சட்டம் என்று தொழிலாளர் துறை அதிகாரி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். கிதிர் முகம்மது முனகிக்கொண்டே நாற்காலி வாங்கிப் போட்டார். போட்ட காசை விடுவாரா? சேலைக்கு இருபது ரூபாய் ஏற்றினார். அன்றைக்கே பேரம் ஆரம்பமானது.

இருபதை இறக்கினார். ஐம்பதைக் குறைக்கச் சொன்னார்கள்.

"யாவாரம் ஓடலயோ பாய்? எல்லாரும் உக்காந்திருக்காவ" என்றார் ஒருவர்.

அதுதானா சங்கதி! "ஏட்டி, உக்காந்தாலும் சும்மா இருக்காதிய. சேலைய மடிங்க!" என்று பெண்களை விரட்டினார். மடித்தார்கள்.

"பழைய சரக்க ஏறக்கட்டுதியளோ? பாதி வெலைக்குத் தாங்க" என்றாள் அடுத்து வந்தவள்.

இனிப் பலகையைக் கழற்றுவதைத் தவிர வழியில்லை. வாப்பா மாட்டியதைத் தன் கையால் இறக்குவதா என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

கடையில் மூத்தவளான சண்முகசுந்தரி ஓடிவந்தாள்.

"அவசரப்படாதிய மொதலாளி. நீங்களே நின்னு சேலை எடுத்துப் போடுங்க. நான் கல்லாவுல இருக்கேன்."

"நானா?"

"மொதலாளி கைபட்டா சரக்குக்கு மரியாத கூடும்லா."

அந்தப் பேச்சில் மனிதர் விழுந்துவிட்டார். மறுநாள் காலையிலிருந்து கிதிர் முகம்மது நின்றார். மேல் தட்டுக்கு எம்பினார், கீழ்த் தட்டுக்குக் குனிந்தார். பெண்கள் உட்கார்ந்தபடியே மடித்துக் கொடுத்தார்கள். முட்டி விண்விண்ணென்று தெறித்தது. ஆனால் ஒருவர்கூடப் பேரம் பேசவில்லை. சாயங்காலம் இருபதை மறுபடி ஏற்றிப் பார்த்தார். அப்போதும் யாரும் வாய் திறக்கவில்லை.

"பாத்தியா சுந்தரி, நம்ம சரக்கோட மவுச!" என்று முட்டியைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார்.

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து முதல் தடவையாகக் கடைக்கு வந்திருந்த குருவம்மாள், சேலையோடு கல்லாவுக்கு வந்தாள். முழு விலையையும் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடாதிய மொதலாளியம்மா. உங்க கடையில வேலை பாக்குற அந்தப் பாய் பாவம், முட்டியப் பிடிச்சிக்கிட்டு நிக்காரு. அவருக்கும் ஒரு நாற்காலி போட்டுக் குடுக்கக் கூடாதா?"

சண்முகசுந்தரி சேலையைப் பையில் போட்டு நீட்டினாள்.

"போடலாம்க்கா. அவரு உக்காந்துட்டா நீங்க பேரம் பேசுவியளே!"