எட்டு வியாழக்கிழமைப் பல்வலி

போன வியாழக்கிழமை இடது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு டவுனுக்குப் போன சுலக்ஷனா, இந்த வியாழக்கிழமை வலது கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கிளம்பியதுதான் பிழை.

"ஏன் புள்ள, வலி எடம் மாறிருச்சா?" என்று அடுப்படியிலிருந்து கேட்டாள் அம்மா சண்முகவடிவு.

சுலக்ஷனாவின் கை கன்னத்திலேயே நின்றது. நான்கு வருஷமாக அரசாங்க ஆஸ்பத்திரியில் நேர்ஸ். எந்த நோயாளிக்கு எந்தக் கையில் ஊசி என்பதை ஒரு நாளும் மறந்தவளில்லை. தன்னுடைய பொய்ப் பல்வலி எந்தப் பக்கம் என்பதை மட்டும் மறந்துவிட்டாள்.

"ரெண்டு பக்கமும்மா."

"ஐயோ, ரெண்டு பக்கமுமா? அப்ப இன்னைக்கும் கஞ்சிதான்."

இப்படித்தான் ஒரு பல்வலி இரண்டானது. உண்மையில் சுலக்ஷனாவுக்கு ஒரு பல்லும் வலிக்கவில்லை. முப்பத்திரண்டும் அதனதன் இடத்தில் சுகமாக இருந்தன.

அவளுக்கு வேறு வியாதி. நேர்ஸ் வேலையை விட்டுவிட்டுப் பல் டொக்டருக்குப் படிக்க வேண்டும். வீங்கிய கன்னத்தோடு வார்டுக்கு வரும் தேயிலைத் தோட்டத்துப் பெண்களுக்கு அவளால் கொடுக்க முடிந்தது இரண்டு பனடோல் மாத்திரை மட்டும்தான். அந்த இரண்டு பனடோலுக்கே அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கும்பிடுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று பல் மருத்துவம் படிக்கப் புலமைப்பரிசில் தருவதாக அறிவித்திருந்தது. விண்ணப்பத்தோடு ஒரு கடிதமும் வேண்டுமாம். ஒரு பல் டொக்டரின் பக்கத்தில் நாற்பது மணித்தியாலம் நின்று வேலையைப் பார்த்ததாக அவரே கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

ஹட்டன் பஜாரில் துணிக்கடைக்கு மேல்மாடியில் டொக்டர் சிவரூபனின் கிளினிக் இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர். பொய் பேசத் தெரியாத மனிதர், இனிமையாகப் பேசவும் தெரியாது. சுலக்ஷனா தேர்ந்த இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதிக் கொண்டுபோய் நீட்டினாள். வாசித்துவிட்டு, பல்லுப் படமும் கிளினிக் விலாசமும் அச்சடித்த தன்னுடைய கவர் ஒன்றில் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"பிள்ளை, இது வேடிக்கை பாக்கிற இடமில்லை. கையில நிரந்தர உத்தியோகம், பென்சன். அதை விட்டிட்டு ஆரின்ரையோ பல்லை எண்ணப் போறீரோ? போய் இருக்கிற வேலையைப் பாரும்."

சுலக்ஷனா கவரை யூனிபோர்ம் பொக்கெட்டில் திணித்தாள், வீட்டுக்கு வந்து ஒரு மூச்சு அழுதாள், கவரை மறந்தாள்.

பத்து நாள் கழித்து டொக்டரே போன் எடுத்தார். "வியாழக்கிழமையில வாரும். எட்டு வியாழன், அஞ்சஞ்சு மணித்தியாலம். ஒண்டையும் தொடக் கூடாது."

கல்லும் கரையும் அளவுக்கா எழுதியிருக்கிறோம் என்று போனில் இருந்த கடிதப் பிரதியை அவள் மூன்று தடவை வாசித்துப் பார்த்தாள். கடைசிப் பந்திதான் வேலை செய்திருக்கிறது என்று முடிவுக்கு வந்தாள். தன் இங்கிலீஷில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

அதே வாரம்தான் அம்மா அந்தக் கவரைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"துவைக்கிறப்ப பொக்கெட்டுல கெடந்துச்சு. பல்லுப் படம் போட்டிருக்கே, என்னாது?"

"ஆஸ்பத்திரி நோட்டீஸ்மா."

"ம்," என்றாள் அம்மா. அதற்கு மேல் கேட்கவில்லை.

அம்மாவிடம் உண்மையைச் சொல்ல முடியாததற்குக் காரணம், சுவரில் மாட்டியிருந்த ஒரு படம். வெள்ளை யூனிபோர்மும் தொப்பியுமாக சுலக்ஷனா. பக்கத்தில் முருகன். வெள்ளிக்கிழமைகளில் இருவருக்கும் சேர்த்தே சூடம் காட்டுவாள் அம்மா. கொழுந்து பறிக்கப் போகும்போது காலைப் பெரட்டுக்கு ஆள் கூடுமே, அங்கே யார் தும்மினாலும் "இருங்க, என் மககிட்ட கேட்டு சொல்றேன்" என்பாள். தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் பிரஷருக்கும் அவள்தான் ஆலோசனை. அந்தத் தாயிடம் போய், வேலையை விடப்போகிறேன் என்று யார் சொல்வது?

ஆகவே பல்வலி. பல் டொக்டரிடம் போவதற்கு அதைவிடப் பொருத்தமான பொய் கிடையாதே!

ஆனால் பொய்க்கு இவ்வளவு கஞ்சி குடிக்க வேண்டியிருக்கும் என்று அவள் நினைக்கவில்லை. அதைவிட மோசம், அம்மாவும் கூடச் சேர்ந்து கஞ்சி குடித்தாள்.

"நீங்க சோறு சாப்பிடுங்கம்மா."

"நீ வலியில கெடக்க, நான் மட்டும் கடிச்சுத் திங்கிறதா? எனக்கு எறங்காது புள்ள."

வெற்றிலைப் பை ஆணியில் தொங்கியது. முப்பது வருஷமாக வெற்றிலை இல்லாமல் மலையேறாதவள் அதைத் தொடவேயில்லை. சிரிப்பு வந்தாலும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பெண் வலியில் இருக்கும்போது சிரிக்கக் கூச்சப்படுகிறாள் என்று சுலக்ஷனாவுக்கு மனசு உருகியது. உருகிய மனசோடு ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் நின்று இரண்டு வடை தின்றாள்.

ஐந்தாவது வியாழக்கிழமை, லயத்து வரிசை வீடுகளில் அடுத்த வீட்டு நாகலெட்சுமி வந்து வாசலை மறித்து உட்கார்ந்தாள். தோட்டத்தில் எந்தச் செய்தியும் அவளைக் கேட்காமல் வெளியே போகாது.

"அஞ்சு வாரமா பல்லு டொக்டர்கிட்ட போற. வாரத்துக்கு ஒன்னுன்னாலும் அஞ்சு போயிருக்கணுமே. எங்க, வாயத் தொற பாப்பம்."

"தொறக்கக் கூடாதாம் அத்தை. காத்துப் படக் கூடாதாம்."

அவ்வளவுதான். மறுநாள் வார்டில், மேல் லயத்திலிருந்து வந்திருந்த ஒரு நோயாளி தலையணையிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"மிஸ், பல்லு செட்டு எங்க கட்டுனீங்க? அப்பிடியே அசலாட்டம் இருக்குதுங்க."

சுலக்ஷனா வீட்டுக்கு ஓடிவந்து, தானாகவே நாகலெட்சுமியைத் தேடிப் போனாள்.

"அத்தை, ஒன்னுதான் புடுங்குனது. ஒரே ஒன்னு. உள்பக்கத்துக் கடவாப்பல்லு. வெளிய தெரியாது."

"புடுங்குன பல்லு எங்க?"

"டொக்டர்கிட்ட இருக்கு."

"நம்ம பல்லு அவருக்கு என்னாத்துக்கு? ஒடம்புல வளந்தத அந்நிய வீட்டுல விட்டுட்டா வாரது? கொண்டாந்து நம்ம கூரையில போடு."

சுலக்ஷனா உதவிக்கு அம்மாவைப் பார்த்தாள். அம்மா முந்தானைக்குள் இருமினாள்.

"அவ சொல்றதும் சரிதானே புள்ள. கொண்டா, பாப்பம்."

இப்போது ஒரு பல் தேவைப்பட்டது.

டொக்டர் சிவரூபனின் கிளினிக்கில் நம்பர் கொடுக்கிற சிவசாமியிடம் ஒரு போத்தல் இருந்தது. பாடசாலைப் பிள்ளைகள் வந்தால் வெற்றிலையும் இனிப்பும் பல்லை என்ன செய்யும் என்று காட்டுவதற்காக, பிடுங்கிய பற்கள் சிலவற்றைக் கழுவி அதில் போட்டு வைத்திருந்தார்கள். ஆறாவது வியாழக்கிழமை, டொக்டர் கை கழுவப் போன நேரத்தில் சுலக்ஷனா விஷயத்தைச் சொல்லி, சிவசாமியிடம் ஒரு பல் கேட்டாள்.

 சிவசாமி போத்தலைத் தட்டில் கவிழ்த்து, அரிசியில் கல் பொறுக்குகிறவரைப்போல ஒவ்வொன்றாகப் புரட்டி, கடைசியில் ஒன்றை எடுத்துப் பஞ்சில் சுற்றிக் கொடுத்தார்.

"இதக் கொண்டு போங்க மிஸ். ஒங்க தோட்டத்துப் பக்கத்து ஆளுதுதான். ஒத்துப் போகும்."

அவசரத்தில் அவள் பிரித்துப் பார்க்கவில்லை. வீட்டில் நாகலெட்சுமியின் முன்னால்தான் பிரித்தாள். மாட்டுப் பல் அளவில் ஒரு கடவாய்ப்பல். அடி முதல் நுனி வரை செம்மண் நிறத்தில் வெற்றிலைக் கறை.

"அடியே," என்றாள் நாகலெட்சுமி. "வெத்தலையே போடாத புள்ளைக்கு இது எப்பிடி?"

சுலக்ஷனா பல்லைத் திரும்பவும் பஞ்சில் சுற்றப் பார்த்தாள். 

அம்மா பல்லை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நான் போட்ட வெத்தலதான் நாகு. இவ வயித்துல இருக்கிறப்ப நாளைக்குப் பத்து தடவ போடுவேன். அதான் புள்ளைக்கு எறங்கிருக்கு."

நான்கு பிள்ளை பெற்ற நாகலெட்சுமி ஒரு கணம் யோசித்தாள். பிறகு தன் பிள்ளைகளின் வாயைப் பார்ப்பதற்காக எழுந்து வேகமாகப் போய்விட்டாள்.

அம்மா பல்லைக் கூரையில் போடவில்லை. முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நல்ல பல்லு. எத்தன வருசம் ஒழச்சிருக்கும்," என்றாள்.

குரல் தழுதழுத்ததுபோல் இருந்தது. யாருடையதோ ஒரு பல்லை மகளுடையது என்று நம்பி மடியில் முடிந்துகொள்கிற தாயை ஏமாற்றுகிறோமே என்று சுலக்ஷனாவுக்கு வெட்கமாக இருந்தது.  கடைசி வியாழக்கிழமை கையெழுத்தை வாங்கியதும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள்.

ஏழாவது வியாழக்கிழமை, பல் பிடுங்கிய இடத்தில் தையல் பிரிக்க வேண்டும் என்று சொல்லித் தப்பினாள். எட்டாவதற்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. அன்று கையெழுத்து கிடைத்தாக வேண்டும். சனிக்கிழமை விண்ணப்ப முடிவுத் திகதி.

"புடுங்குன பல்லுக்கு இன்னும் என்னா மருந்து?" நாகலெட்சுமி நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "அந்த டொக்டர் ஒன்ன நல்லா ஏமாத்துறாரு புள்ள. நான் வந்து ரெண்டு வார்த்த கேக்குறேன்."

"வேணாம் அத்தை, ஒங்களுக்கு எதுக்குச் செரமம்?"

"நானும் வாரேன்," என்றாள் அம்மா. "ஒரு நாள் பேரு போனாப் போகட்டும்."

ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அம்மா டவுனுக்கு வருவது தேர்த் திருவிழாவுக்கு மட்டும்தான். கொட்டகலையிலிருந்து ஹட்டன் வரைக்கும் பஸ்ஸில் சுலக்ஷனா முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள்.

கிளினிக் படியேறியதும் இருவரையும் வெளியே வாங்குப் பலகையில் உட்காரவைத்துவிட்டு அவள் உள்ளே பாய்ந்தாள். வழக்கமாக வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு சுவரோரம் நிற்பவள், அன்றைக்கு நோயாளிக் கதிரையில் ஏறிப் படுத்து வாயைத் திறந்துவிட்டாள்.

டொக்டர் சிவரூபன் கையுறையோடு திரும்பினார். "என்ன இது? நீர் ஏன் அதில ஏறிப் படுத்திருக்கிறீர்?"

"டொக்டர், ப்ளீஸ், சும்மா ஒருக்கா பாக்குற மாதிரி…"

அதற்குள் திரைச்சீலை விலகியது. முதலில் நாகலெட்சுமி, பின்னால் அம்மா, அவர்களைத் தடுக்க வந்ததாகப் பாவனை செய்துகொண்டு சிவசாமி.

"எட்டு வாரமா என்னாங்க வைத்தியம் பாக்குறீங்க?" என்றாள் நாகலெட்சுமி. "அந்தப் புடுங்குன எடத்தக் கொஞ்சம் காட்டுங்க."

டொக்டர் சிவரூபனைப்பற்றி முன்பே சொன்னேன். அவர் கண்ணாடிக் கரண்டியை எடுத்து, மேல் வரிசை, கீழ் வரிசை என்று ஒழுங்காக எண்ணினார்.

"முப்பத்திரண்டும் இருக்கு. இந்தப் பிள்ளையின்ரை வாயில நான் ஒண்டும் பிடுங்கேல்லை."

நாகலெட்சுமி பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

கால் மேலேயும் தலை கீழேயுமாக, முகத்துக்கு நேரே லைட் எரிய, அந்தக் கதிரையில் படுத்துக்கொண்டு பொய் சொல்ல முடியாது என்பதை சுலக்ஷனா அன்றைக்குக் கண்டுபிடித்தாள்.

"அம்மா, எனக்குப் பல்லே வலிக்கலம்மா. நேர்ஸ் வேலைய விட்டுட்டு பல்லு டொக்டருக்குப் படிக்கக் கேட்டு எழுதப் போறேன். அதுக்குத்தான் வியாழக்கெழம வியாழக்கெழம இங்க வந்து நின்னேன். கெடைக்குமான்னும் தெரியாது. ஒங்ககிட்ட சொல்லப் பயம்மா. அந்தப் படத்த சாமி பக்கத்துல மாட்டி வச்சிருக்கீங்களே…" மேலே சொல்ல முடியாமல் அழுதாள். படுத்திருந்ததால் கண்ணீர் காதுக்குள் போனது.

டொக்டர் மேசைக்குப் போனார். ஏற்கனவே டைப் பண்ணி வைத்திருந்த கடிதத்தில் கையெழுத்துப் போட்டு, சீல் குத்தி, அவள் மடியில் வைத்தார்.

அம்மா கிட்டே வந்து முந்தானையால் மகளின் காதைத் துடைத்தாள்.

"இதச் சொல்ல ஒனக்கு எட்டு வியாழக்கெழம எடுத்துச்சா? படத்துக்கு என்னா, வேற ஒன்னு எடுத்து அதே ஆணியில மாட்டுனா போச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வாயை மூடிக்கொள்ளாமல் சிரித்தாள்.

நாகலெட்சுமிக்கு மட்டும் கணக்கு இன்னும் தீரவில்லை.

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அப்ப வீட்டுக்கு வந்துச்சே, அந்த வெத்தலக் கறைப் பல்லு, அது யாருது?"

சுலக்ஷனா சிவசாமியைப் பார்த்தாள், எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். அவர் நம்பர் அட்டைகளை அடுக்கிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னார்:

"வேத்தாளு பல்லக் குடுக்க மனசு வரல்லீங்க, அது இந்த அம்மாவுதுதான், மிஸ் இங்க வரத் தொடங்குறதுக்கு முந்தியே அந்தப் பல்லுப் படம் போட்ட கவரோட வந்து, உள்ள இருந்த கடிதத்த என்னைய வாசிக்கச் சொல்லிக் கேட்டு, மகளச் சேத்துக்கச் சொல்லி டொக்டர்கிட்ட பேசணும்னாங்க, பல்லுக் காட்டுறவங்களுக்கு மட்டுந்தான் நம்பர்னு நான் சொன்னதும், 'அப்ப ஆடுறது ஒன்னு இருக்கு, அதப் புடுங்கச் சொல்லுங்க'ன்னு உக்காந்துட்டாங்க."