பின்சீட்டுக் காது

"ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது கேக்குதா, காலை எடுக்கும்போது கேக்குதா?"

"ரெண்டுலயும்."

"போன வாரம் அழுத்தும்போது மட்டும்னு சொன்னியே?"

"போன வாரம் அதுக்கு அவ்வளவு தைரியம் வரல போல" என்றாள், பின்சீட்டில் படுத்துக் கிடந்த ஆர்லீன்.

ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் மெர்வின் கவலையோடு தலையாட்டினார். டொலிடோவில் தகடு அடிக்கும் ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்ததில் அவருக்குக் காது பாதி போய்விட்டது. அதனால், இளவயதில் பந்தயம் ஓட்டிய அந்தப் பச்சைக் காரின் பின் ஆக்சில் ஊளையிடுகிறதா என்று சொல்ல மனைவியின் காது தேவைப்பட்டது.

ஊளையிட்டது உண்மைதான். ஒரு பேரிங்கை மாற்றியதும் நின்றுவிட்டது. நின்று ஆறு வாரம் ஆகிறது. ஆர்லீன்தான் சொல்லவில்லை.

அன்றைக்கே சொல்லியிருப்பாள். ஆனால் வண்டியைக் கிளப்பும்போதே மெர்வின், கிளட்சை மிதிக்க முழங்கால் ஒத்துழைப்பதில்லை, சத்தம் நின்றால் ஃபிண்ட்லே ஊர்க்காரர் ஒருவருக்கு வண்டியை விற்றுவிடலாம் என்றார். பின்சீட்டில் படுத்தால் மேகமும் மெர்வினின் காது நுனியும் மட்டும்தான் தெரியும். வேலையிலிருந்து நின்றபின் வீட்டில் வாயே திறக்காத மனிதர், ஏரிக்கரை ரோட்டில், அவளை முதன்முதலாகப் பார்த்த அன்று தப்பான பஸ்ஸில் ஏறிய கதையைச் சொன்னார். நாற்பது வருடத்தில் அவள் கேட்டிராத கதை. முடித்துவிட்டு, "கேக்குதா?" என்றார்.

"கேக்குது" என்றாள்.

ஒரு பொய்யோடு நின்றால் பரவாயில்லை. எந்தப் பக்கம் என்றார். வலது என்றாள், வலது சக்கரம் கழன்றது. அடுத்த வாரம் வாய் தவறி இடது என்றாள். நான்கு டயர்களும் இடம் மாறின. எப்படிக் கேட்கிறது, செய்து காட்டு என்றார். பசித்த பூனைபோல ஊளையிட்டுக் காட்டினாள். அதை மறந்துபோய், மறுவாரம் கொதிக்கும் கெட்டில்போல விசிலடித்தாள். மெர்வின் இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டார். ஒவ்வொரு சோதனை ஓட்டமும் போன தடவையைவிட நீண்டது. சத்தம் கேட்பதற்குப் போர்ட் கிளிண்டன் வரை போய்ப் பொரித்த மீன் சாப்பிடுவானேன் என்று அவளும் கேட்கவில்லை.

அன்றைய "ரெண்டுலயும்" விபரீதமாக முடிந்தது. அப்படியென்றால் உள்ளே இருக்கும் கிரவுன், பினியன் பல்சக்கரங்கள்தான் என்று மெர்வின் ஆக்சிலையே பிரித்துப் போட்டார். சூடாக்கினால்தான் கிரவுன் விரிந்து உட்காருமாம். ஆர்லீன் செய்த ஆப்பிள் பை வெந்துகொண்டிருந்த ஓவனில் அதையும் வைத்தார். பலகாரம் முழுக்கக் கியர் ஆயில் வாசனை. இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு நன்றாயிருக்கிறது என்றார். இடுப்பைப் பிடித்தபடி எழுந்தார். ஆர்லீனுக்கு மனம் தாங்கவில்லை.

எல்லாவற்றையும் மாட்டி முடித்தபின் மெர்வின் சொன்னார்: "சனிக்கிழமை ஆக்சில் கடை டெல்பர்ட்டை வரச் சொல்லியிருக்கேன். அவன் காது தப்பாது."

சத்தம் இல்லை என்று டெல்பர்ட் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வண்டி ஃபிண்ட்லேவுக்குப் போய்விடும். மெர்வின் மறுபடி டிவி முன்னால் ஊமையாகிவிடுவார்.

சனிக்கிழமை டெல்பர்ட் வந்தார். மெர்வின் சாவி எடுக்க உள்ளே போனதும், ஆர்லீன் டெல்பர்ட்டின் சட்டைக்கையைப் பிடித்து வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

"டெல்பர்ட், வண்டியில ஒரு சத்தமும் இல்ல. ஆனா இருக்குன்னு நீ சொல்லணும். ஏன்னு கேக்காதப்பா."

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். வாசற்கதவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"நேத்து மெர்வினும் கடைக்கு வந்து இதையேதான் கேட்டுட்டுப் போனாரு. பூனையா, கெட்டிலான்னு மட்டும் ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்களேன்ம்மா."